இலவச ஆஸ்பத்திரி இருந்தும் கைக்காசு ஏன் போகிறது? பிற நாட்டு மருத்துவ முறைகள் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் அரச ஆஸ்பத்திரி மருந்தறைகளில் குளிசை எண்ணிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்று உவர்மலையில் இருக்கிறேன். இன்றும் கிளினிக் கொப்பியோடு யாராவது படலையடியில் வந்து நிற்பார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சொந்தங்கள் போன் எடுத்தால், சுகம் விசாரித்து முடிந்ததும் அங்கத்தைய ஆஸ்பத்திரிக் கதைதான் வரும். "அங்கே அப்படியாம், இங்கே ஏன் இப்படி?" என்று இரண்டு பக்கத்தாரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

"அனைவருக்குமான மருத்துவப் பாதுகாப்பு" என்கிறார்களே, அது இலவச ஆஸ்பத்திரியைத்தானா?

இலவச ஆஸ்பத்திரி அதில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதைச் சுருக்கினால் மூன்று கேள்விகள் வரும். யார் யாருக்குச் சிகிச்சை கிடைக்கிறது? என்னென்ன வருத்தத்துக்குக் கிடைக்கிறது? அதற்காகச் சனம் தன் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறது? முதல் கேள்வியில் இலங்கை நல்ல புள்ளி வாங்கும். மூன்றாவதில்தான் தடுக்குகிறோம்.

2022இல், மருந்து தட்டுப்பாடான அந்த வருடம், மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துண்டில் ஐந்து மருந்து. எங்களிடம் இருந்தது இரண்டு. மற்ற மூன்றுக்கும் வட்டம் போட்டு, வெளியில் வாங்கச் சொல்லிக் கொடுத்தேன். பாமசியில் விலை கேட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். யன்னல் கம்பிக்குள்ளால் துண்டை நீட்டி, வட்டம் போட்ட மூன்றையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "தங்கச்சி, இதில எதை விட்டால் பரவாயில்லை?" என்று கேட்டார். ஒன்று பிரஷருக்கு, ஒன்று கொலஸ்ட்ரோலுக்கு, ஒன்று இரத்தம் கட்டியாகாமல் இருக்க. அவர் ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்து வாட்டில் கிடந்தவர். எதை விடச் சொல்வது?

அவரைப் பார்த்த வைத்தியர் காசு வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. ஆனாலும் அவர் பாதுகாக்கப்படவில்லை. எந்த நாட்டு முறையைப் பற்றி யார் சொன்னாலும் நான் அந்தப் பெரியவரை வைத்துத்தான் அளக்கிறேன்: இவர் அந்த நாட்டில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா?

இலங்கையில் இலவச வைத்தியம் எப்போது வந்தது?

1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுபட்டது. அதன் வேர் அதற்கும் முந்தியது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வருத்தம் வந்தபின் பார்ப்பதோடு நிற்காமல், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்க்கும் முறை அங்கிருந்துதான் பரவியது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்குக் கேட்டு வருபவர் ஆஸ்பத்திரி கட்டித் தருவதாகச் சொல்லியே ஆக வேண்டிய நிலை அதனால் உண்டானது. 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அந்த அடிக்குப் பிறகு கிராமங்களுக்கும் வைத்தியசாலைகள் போயின. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது.

பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1930களில் 100,000 பிறப்புக்கு 2,000ஐத் தாண்டி இருந்தது. அண்மைய ஆண்டுகளில் 30ஐ ஒட்டி நிற்கிறது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் பல இந்த இடத்துக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து படிப்பதற்கு முன் நம்மிடம் இருப்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் கைக்காசு எதற்குப் போகிறது?

வாட்டில் மறித்து வைத்துப் பார்ப்பதில் மிகப் பெரும்பங்கை அரச ஆஸ்பத்திரிகளே செய்கின்றன. காசு கரைவது வாட்டுக்கு வெளியே. இல்லாத மருந்து, வெளியில் செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, மாதக் கணக்கில் திகதி தள்ளிப் போகும் ஸ்கான், பொறுக்க முடியாமல் பின்னேரம் அதே வைத்தியரைச் சனல் பண்ணுவது, அதாவது தனியாரிடத்தில் காசு கட்டிப் பார்ப்பது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கிட்டத்தட்டப் பாதி தனியார் பக்கம். அதிலும் பெரும்பகுதி சனம் நேரே கையிலிருந்து கொடுப்பது.

நம் மாவட்டத்தில் இன்னொரு செலவும் உண்டு: பயணம். புற்றுநோய் என்றால் மட்டக்களப்பு அல்லது மகரகம, பெரிய சத்திரசிகிச்சை என்றால் கண்டி அல்லது கொழும்பு. நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இரவு ரயில், தங்க இடம், சாப்பாடு, இரண்டு நாள் கூலி. வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வருபவருக்குத் திருகோணமலைக்கு வருவதே ஒரு நாள் உழைப்பு.

கனடாவில் எல்லாம் ஃப்ரீ என்று தம்பி சொல்கிறான். உண்மையா?

பாதி உண்மை. வைத்தியரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரியில் தங்குவதும் அங்கே இலவசம். அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் வைத்தியர் எழுதும் குளிசையைப் பாமசியில் காசு கொடுத்து வாங்க வேண்டும், வேலையிடத்துக் காப்புறுதியோ முதியோருக்கான மாகாண உதவியோ இல்லாவிட்டால். பல்லுக்கும் கண்ணுக்கும் அப்படித்தான். வருமானம் குறைந்தவர்களுக்கான பல் சிகிச்சைத் திட்டம் கொஞ்ச வருடங்களுக்கு முன்புதான் தொடங்கியது. ஆகவே என் மூதூர்ப் பெரியவர் கனடாவில் நாற்பது வயதுக் கூலித் தொழிலாளியாக இருந்திருந்தால், அங்கேயும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும்.

கனடாவிடம் எனக்குப் பிடித்தது அதன் தொடக்கம். நாடு முழுவதும் ஒரே நாளில் வந்ததில்லை அது. சஸ்கற்சுவான் என்ற கோதுமை விளையும் மாகாணம் முதலில் செய்து காட்டியது. அதற்கு அடித்தளம் போட்டவர் அந்த மாகாணத்தின் முதல்வராக இருந்த ரொமி டக்ளஸ். 1962 ஜூலையில் திட்டம் தொடங்கிய அன்றே வைத்தியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. மாகாணம் சில விஷயங்களில் இறங்கி வந்தாலும் திட்டத்தைக் கைவிடவில்லை. பிறகு மற்ற மாகாணங்களும் பார்த்துச் செய்தன. ஒரு மாகாணம் முன்னால் நடந்து நாட்டுக்கு வழி காட்டலாம் என்பது கிழக்கு மாகாணத்தில் இருக்கும் நமக்குப் படிக்க வேண்டிய பாடம் என்று நினைக்கிறேன்.

லண்டனில் எப்படி?

வரிக்காசில் நடக்கும் முறை. 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கியது. அப்போதைய சுகாதார அமைச்சர் அனுரின் பெவன். நம் இலவச வைத்தியத்துக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். இரண்டிலும் அரசாங்கம் வரி எடுக்கிறது, ஆஸ்பத்திரி நடத்துகிறது, நோயாளியிடம் காசு கேட்பதில்லை. ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே ஒவ்வொருவரும் தன் பகுதிக் குடும்ப வைத்தியரிடம் பதிந்திருக்க வேண்டும். நேரே இதய நிபுணரிடம் போக முடியாது. குடும்ப வைத்தியர் அனுப்பினால்தான் போகலாம்.

மருந்துக்கு இங்கிலாந்தில் ஒரு பொருளுக்கு 9 பவுணுக்கு மேல் கட்டணம் உண்டு. 60 வயது தாண்டியவர்களும் பிள்ளைகளும் சில நீண்டகால நோயாளர்களும் கட்டத் தேவையில்லை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லோருக்குமே இலவசம். பெரியவர் அங்கே துண்டைக் காட்டி மூன்றையும் வாங்கிப் போயிருப்பார்.

குறை காத்திருப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியல் 70 இலட்சத்தைத் தாண்டியது. முழங்கால் மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் இருந்தேன் என்று என் ஒன்றுவிட்ட அக்கா சொன்னார். வரிக்காசு போதாமல் போனால் அது காத்திருப்பாகத்தான் தலைகாட்டும். இங்கே நம் ஸ்கான் திகதி தள்ளிப் போவதும் அதேதான்.

ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் காப்புறுதியாமே? இலங்கையும் அப்படி மாறலாமா?

இதை நிறையப் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஜேர்மனி 1883இலேயே தொழிலாளருக்கான நோய்க் காப்புறுதியைச் சட்டமாக்கியது, சான்சலர் பிஸ்மார்க் காலத்தில். இன்று சம்பளத்தில் 14.6 வீதமும் அதற்கு மேல் ஒரு சிறு கூடுதலும் காப்புறுதி நிதிக்குப் போகிறது. பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கும் வேலை இல்லாத வாழ்க்கைத்துணைக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை. பிரான்சில் 1945இலிருந்து சமூகப் பாதுகாப்பு முறை. அங்கே சாதாரணச் சிகிச்சையில் ஒரு பங்கை நோயாளி கட்டுவார். ஆனால் சீனி வருத்தம், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அந்த நோய்க்கான செலவைக் கிட்டத்தட்ட முழுக்கப் பொது நிதி ஏற்கிறது. எனக்கு மிகவும் நியாயமாகப் படும் ஏற்பாடு அது. தடிமனுக்குக் கொஞ்சம் கொடு, ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய குளிசைக்குக் கொடுக்காதே.

சுவிஸில் காப்புறுதி கட்டாயம், ஆனால் சம்பளத்தைப் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று மாதம் மாதம் கட்ட வேண்டும். பிள்ளைக்கும் கட்ட வேண்டும். வளர்ந்தவர் வருடத்தில் முதல் 300 பிராங்கையாவது தானே கட்டிய பிறகுதான் காப்புறுதி தொடங்கும். வருமானம் குறைந்தவருக்கு அரசு உதவுகிறது. என்றாலும் சுவிஸில் இருக்கும் நம் சனம் போனில் முதலில் புலம்புவது இந்தக் காப்புறுதிக் கட்டணத்தைப் பற்றித்தான்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். திருக்கடலூரில் கடலுக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் ஏது? தம்பலகாமத்தில் வயல் செய்பவருக்குப் போகத்துக்கு ஒருமுறை காசு. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் அன்று கூலி இல்லை. யாருடைய சம்பளத்தில் எதை வெட்டுவது? சம்பளத்தில் வெட்டும் காப்புறுதி, மாதச் சம்பளக்காரர் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில்தான் ஓடும். இங்கே கொண்டுவந்தால் உத்தியோகத்தருக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை என்று ஆகிவிடும். வரிக்காசில் நடக்கும் நம் முறையை விட்டுவிட்டு அதற்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானில் நோயாளி 30 வீதம் கட்ட வேண்டுமாம். அது எப்படிப் பாதுகாப்பு?

1961இலிருந்து ஜப்பானில் எல்லோரும் ஏதாவது ஒரு காப்புறுதிக்குள் இருக்கிறார்கள். சிகிச்சையில் 30 வீதம் நோயாளி கட்டுவது உண்மைதான், வயது போனவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஒருவர் கட்டத் தேவையில்லை என்று வருமானத்தைப் பார்த்து ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறார்கள். வருத்தம் பெரிதாக ஆக, நோயாளியின் பங்கு சுருங்கும். அதோடு எந்தச் சிகிச்சைக்கு என்ன விலை என்பதை அரசு நிர்ணயித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறது. தனியார் ஆஸ்பத்திரியும் அந்த விலைக்குத்தான் செய்ய வேண்டும். நம் ஊரில் ஒரே இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வீதியிலேயே இரண்டு விலை சொல்கிறார்கள்.

நம்மைப் போல வசதி குறைந்த நாடு எதுவும் சாதித்திருக்கிறதா?

தாய்லாந்து. யாராவது ஒரு நாட்டை மட்டும் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

2002இல் அவர்கள் தொடங்கும்போது ஆள்வீத வருமானம் வருடத்துக்கு 2,000 டொலரை ஒட்டித்தான் இருந்தது. 1997 பொருளாதார நெருக்கடியில் அடிவாங்கி எழுந்து கொஞ்சக் காலம்தான். மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய சனத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. "காசு சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்று அவர்கள் தள்ளிப் போடவில்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சங்குவான் நித்தயாரம்போங் என்ற வைத்தியர் பல வருடங்களாகத் தயாரித்து வைத்திருந்த திட்டத்தை அரசு கையிலெடுத்தது. ஒரு தடவை போனால் 30 பாத், அதற்குள் வைத்தியர், மருந்து, சத்திரசிகிச்சை எல்லாம். சனம் அதை "30 பாத் திட்டம்" என்றே கூப்பிட்டது.

அதன் உள்வேலை இப்படி. மீனவர், விவசாயி, தெருக் கடைக்காரர் போன்றவர்களிடம் சந்தா வசூலிக்கப் போகவில்லை. பொது வரிக்காசிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியோடு பதியப்பட்டார். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று வருடத்துக்கு ஒரு தொகை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும். வெளிநோயாளர் அதிகமாக வந்தால் கூடுதல் காசு இல்லை என்பதால், சனத்தை வருத்தம் வராமல் பார்ப்பதிலும் ஆஸ்பத்திரிக்கு அக்கறை வருகிறது.

சிறுநீரக நோயாளருக்கு அவர்கள் செய்ததைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. 2008இல், பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயலிசிஸைத் திட்டத்துக்குள் சேர்த்தார்கள். இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறையை முன்னுக்கு வைத்து, அந்தத் திரவப் பைகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கந்தளாய், கோமரங்கடவல பக்கத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயலிசிஸுக்காக வேனுக்குக் காசு கொடுத்து அலையும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதன் அருமை விளங்கும். எல்லா நோயாளருக்கும் அந்த முறை பொருந்தாது என்பதும் உண்மை. பின்னால் தாய்லாந்தே நோயாளரும் வைத்தியரும் சேர்ந்து முறையைத் தெரிவு செய்ய வழிவிட்டது.

அப்படியானால் இங்கேயும் ஒரு சிறு கட்டணம் வைத்தால் என்ன?

இந்தக் கேள்வி வரும்போது மறுத்துத்தான் பேசுவேன். இலங்கையும் 1970களில் கொஞ்சக் காலம் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தது. கைவிட்டது. தாய்லாந்தும் அந்த 30 பாத்தை இடையில் சில வருடங்கள் நிறுத்தி வைத்தது. சிறு கட்டணத்தால் கஜானா நிரம்புவதில்லை. வராமல் நின்றுவிடுபவர் யார் என்று பார்த்தால், காசில்லாதவரும் வருத்தம் இன்னும் வெளியே தெரியாதவரும்தான். சீனி வருத்தக்காரர் ஆறு மாதம் கிளினிக்குக்கு வராமல் இருந்து, பிறகு கால் புண்ணோடு வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அந்தக் காலுக்கு ஆகும் செலவு எந்த 25 சதத்திலும் ஈடாகாது.

தமிழ்நாட்டு அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பாடு குறைவாமே?

அங்கே 1994இல் மருந்து வாங்குவதற்கென்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கினார்கள். என் தொழிலோடு ஒட்டியது என்பதால் இதை ஆவலோடு படித்திருக்கிறேன். மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் மொத்தமாக, வியாபாரப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் போட்டு வாங்குகிறார்கள். மாவட்டங்களில் களஞ்சியங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு புத்தகம். அதில் இருக்கும் ஒதுக்கீட்டுக்குள் தேவையானதைக் களஞ்சியத்தில் எடுக்கலாம். வந்த மருந்தின் மாதிரியைக் கொம்பனிப் பெயர் தெரியாதபடி ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுகிறார்கள். குளிசைப் பட்டையில் அரசு வழங்கல் என்று அச்சடித்திருக்கும். களவாக விற்பதும் சுலபமில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இந்த வழியில் போயின.

இதன் அடிப்படை நமக்குப் புதிதில்லை. இந்தக் கருத்தை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் தொடங்கியது. தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல், சொந்தப் பெயரில் மொத்தக் கொள்வனவு, அதனால் விழும் விலை. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977இல்தான் வெளியிட்டது. நாம் ஊன்றிய விதை பக்கத்து வளவில் காய்த்திருக்கிறது. நம்முடையதற்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டோம்.

நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒருமுறை அடுத்த வருடத் தேவையைக் கடதாசியில் எழுதி அனுப்புவோம். ஒரு வருடம் அஸ்மா மருந்துக்கு நான் எழுதிய எண்ணிக்கையில் ஒரு பூச்சியம் எங்கேயோ விழுந்துபோனது. ஓகஸ்டில் இராக்கை காலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் அதே மருந்து காலாவதியாகக் கிடக்கிறது என்று தெரியவந்தபோது ஒக்டோபர். யாருடைய களஞ்சியத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் அன்றன்றே பார்க்கும் வழி முழுமையாக இருந்திருந்தால், பாலத்தைத் தாண்டி ஓர் ஓட்டோவில் எடுத்து வந்திருக்கலாம். தரத்திலும் அதே கவனம் வேண்டும். 2023இல் இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்தின் தரம் பற்றி நாடு முழுக்க எழுந்த பிரச்சினை எல்லோருக்கும் நினைவிருக்கும்.

குடும்ப வைத்தியர் முறை இங்கே வந்தால் என்ன பிரயோசனம்?

நம் சனம் ஒரு தலையிடிக்கும் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறது. காலை ஐந்து மணிக்கு வந்து நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் வைத்தியர் முகம் பார்த்து, மருந்தறை லைனில் இன்னொரு மணித்தியாலம். கிட்டவுள்ள சிறிய ஆஸ்பத்திரியை நம்புவதில்லை, ஏனென்றால் அங்கே மருந்தும் பரிசோதனையும் இருக்காது என்ற பயம். அந்தப் பயம் பல வேளை சரியாகவும் இருக்கிறது.

நோர்வேயில் 2001இலிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு வைத்தியர் உண்டு. வருடத்தில் குறிப்பிட்ட தொகையைக் கட்டி முடித்தால் மீதி வருடம் இலவசம். கியூபாவில் 1984இலிருந்து ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் தாங்கள் பார்க்கும் சனத்துக்குள்ளேயே குடியிருக்கும் திட்டம். கொஸ்ராரிக்காவில் 1990களில் சிறு குழுக்கள் அமைத்தார்கள். வைத்தியர், தாதி, வீடு வீடாகப் போகும் ஒரு பணியாளர். அந்தப் பணியாளர்தான் எந்த வீட்டில் யார் குளிசையை நிறுத்திவிட்டார் என்று முதலில் தெரிந்துகொள்கிறார்.

நம்மிடம் இதில் பாதி இருக்கிறது. எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள். தன் பகுதியில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு நிறை குறைந்திருக்கிறது, யாருக்குத் திரிபோஷா சத்துமா போகவில்லை என்று கொப்பி பார்க்காமலே சொல்வார். பக்கத்தில் குடியிருந்த ஒரு பெண் ஊசித் திகதியை மறந்தபோது, மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு மிஸ் வாசலில் நின்றதை நான் கண்டேன். தாய்க்கும் சேய்க்கும் இப்படி வீடு தேடிப் போகும் முறை, அறுபது வயதுப் பிரஷர்காரருக்கு இல்லை. நம் நாட்டின் வருத்தம் மாறிவிட்டது. அம்மையும் மலேரியாவும் போய், சீனி, பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஆகிவிட்டது. முறை இன்னும் முழுதாக மாறவில்லை. தமிழ்நாட்டில் 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே பிரஷர், சீனிக் குளிசை கொண்டுபோகிறார்கள். மிட்வைஃப் மிஸ்ஸை அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு இது முடியாத காரியம் இல்லை.

அமெரிக்கா?

அங்கே எல்லோருக்குமான முறை இல்லை. 65 வயதுக்கு மேல் ஒரு திட்டம், வறியவர்களுக்கு இன்னொன்று, இரண்டும் 1965இல் வந்தவை. மற்றவர்களுக்கு வேலையிடக் காப்புறுதி. நாட்டு வருமானத்தில் 17 வீதத்தை ஒட்டி மருத்துவத்துக்குச் செலவழித்தும் 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் காப்புறுதி இல்லாமல் இருக்கிறார்கள். காசு நிறைய இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது போதும்.

வைத்தியர்கள் வெளிநாடு போய்விடுகிறார்களே, என்ன செய்வது?

2022க்குப் பிறகு நிறையப் பேர் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு பகலாக நின்று, சம்பளத்தில் பிள்ளைக்குப் பால்மா வாங்க யோசித்தவர்கள் அவர்கள். தாய்லாந்து 1970களிலிருந்து, படித்து வெளியேறும் வைத்தியர் மூன்று வருடம் கிராமத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற விதியை வைத்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. கிராமத்தில் இருப்பவருக்கு மேலதிகக் கொடுப்பனவு, குடியிருக்க வீடு. கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்து படிப்பித்து, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் உண்டு. கிண்ணியாப் பிள்ளை கிண்ணியாவுக்கும், மூதூர்ப் பிள்ளை மூதூருக்கும் வைத்தியராகவும் தாதியாகவும் திரும்பி வர ஒரு வழி போட்டால், அவர்கள் இடமாற்றம் கேட்டு ஓட மாட்டார்கள்.

மொழிப் பிரச்சினைக்கும் பிற நாட்டில் பாடம் உண்டா?

உண்டு. லண்டன் ஆஸ்பத்திரியில் ஆங்கிலம் தெரியாத நம் அம்மாமாருக்கு மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். இங்கே மூன்று மொழியும் புழங்கும் ஊரில், தூர ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் தமிழ் நோயாளி பக்கத்துக் கட்டில்காரரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைப் பின் போட்டு, இரண்டு நேரக் குளிசையை ஒரே நேரத்தில் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நான் மருந்து உறையில் சூரியனும் பிறையும் கீறிக் கொடுப்பேன். சிங்களம், தமிழ் எது தெரிந்தவருக்கும் அது விளங்கும். ஆனால் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவதைப் பிறை கீறி வாங்க முடியாது.

சித்த வைத்தியமும் இதற்குள் வருமா?

வரலாம். ஜப்பானில் கம்போ எனப்படும் பாரம்பரிய மருந்துகளில் பலவற்றுக்குக் காப்புறுதி காசு கொடுக்கிறது. தாய்வானின் தேசியக் காப்புறுதியும் சீன வைத்தியத்தை ஏற்கிறது. இரண்டிலும் படித்துப் பதிந்த வைத்தியரும் தரம் பார்த்த மருந்தும் வேண்டும் என்பது நிபந்தனை. திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அரச சுதேச வைத்தியசாலைகளும் இருக்கின்றன. ஒரே ஒரு வேண்டுகோள்: கிளினிக்கில் குளிசை எடுக்கிறவர், கசாயமும் குடித்தால் இரண்டு வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

இதெல்லாம் நாடு செய்ய வேண்டியது. நாளைக்குக் கிளினிக்குக்குப் போகும் நாங்கள் என்ன செய்யலாம்?

துண்டில் எழுதியதை வைத்தியர் முன்னால் இருக்கும்போதே வாசிக்கச் சொல்லுங்கள். "இது ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, இல்லாவிட்டால் இருக்கிற வேறொன்றை எழுதலாமா?" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலான வைத்தியர்கள் மாற்றி எழுதுவார்கள். வெளியில் வாங்கத்தான் வேண்டுமென்றால் மருந்தின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் விலை பாருங்கள். பாமசியில் அதே மருந்தின் விலை குறைந்த வகையைக் கேட்பது உங்கள் உரிமை. காசு போதாவிட்டால் ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு கிழமைக்கு வாங்குங்கள். மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம். நெஞ்சுவலியோ வாதமோ என்று தோன்றினால் ஓட்டோ தேடி நிற்காமல் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கிளினிக் கொப்பியை மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் போடுங்கள். பிள்ளைக்குப் பாணி மருந்து வாங்கப் போனால் கழுவிக் காய வைத்த வெறும் போத்தல் ஒன்றும் கொண்டு போங்கள். மூடியோடு.